அடிபட்டு கிடக்கிற ஆள தூக்குறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

நான் டாக்டர் இல்ல, நர்ஸ் இல்ல, 108ல வேலை பாக்குற ஆளும் இல்ல. மண்டபம் தங்கச்சிமடம் பக்கம் மீன் ஏத்துற குட்டி யானை ஓட்டுறேன், அவ்வளவுதான். ஈசிஆர்லயும் மதுரை ரோட்டுலயும் ராத்திரி பகல்னு ஓடிக்கிட்டே இருக்கிறதால, அடிபட்டு கிடக்கிறவங்கள முதல்ல பாக்குற ஆளு பாதி நேரம் என்னைய மாதிரி டிரைவராத்தான் இருக்கும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சாயங்காலம், தேவிபட்டினம் தாண்டி மாடு குறுக்க வந்து ஒரு பைக்கும் ஷேர் ஆட்டோவும் மோதிக்கிருச்சு. நான் போறப்ப ஒரு பய கை ஒடிஞ்சு ஊரே கேக்குற மாதிரி கத்திக்கிட்டு இருந்தான், ஒரு அக்கா நெத்தியில ரத்தம் வழிய நின்னுக்கிட்டு இருந்துச்சு, ஒரு பெரியவர் கருவேல மரத்தடியில சும்மா ஒக்காந்து இருந்தாரு. "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, தம்பிய பாருங்க"ன்னாரு. நாங்களும் தம்பியத்தான் பாத்தோம், அள்ளி தூக்கி வண்டியில போட்டோம், பெரியவர பின்னாடி ஏறச் சொன்னோம். பாதி வழியில அவரு அப்படியே சரிஞ்சுட்டாரு. வயித்துக்குள்ள மண்ணீரல் கிழிஞ்சு ரத்தம் கொட்டிக்கிட்டு இருந்திருக்கு, வெளிய ஒரு கீறல் கூட இல்ல. மதுரைக்கு கொண்டு போய் ஆபரேஷன் பண்ணி பிழைச்சாரு, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல முக்கால் மணி நேரம் வீணா போச்சு, அத கடைசியில சொல்றேன்.

அப்புறம் ஒரு முதலுதவி வகுப்புக்கு ரெண்டு நாள் போனேன், 108ல வேலை பாக்குற ஒரு தம்பிக்கிட்ட ஒக்காந்து ஒவ்வொண்ணா கேட்டு எழுதிக்கிட்டேன். இது பட்டப்படிப்பு இல்ல, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உள்ள அந்த பத்து இருபது நிமிஷத்துல எத முதல்ல பாக்கணும் எத பண்ணக்கூடாதுன்னு மட்டும்தான்.

1. ஓடாதீங்க, முதல்ல சுத்திப் பாருங்க

வண்டிய அடிபட்ட எடத்துக்கு முன்னாடியே ஓரமா நிப்பாட்டி நாலு பக்க லைட்டையும் போடுங்க. ராத்திரி ஈசிஆர்ல வர்றவன் என்ன வேகத்துல வர்றான்னு நமக்கே தெரியும், உதவி பண்ணப் போன ஆளே அடிபட்ட கதை நெறைய இருக்கு. ஒரு ஆள ரெண்டு பக்கமும் செல்போன் லைட்ட காட்டிக்கிட்டு நிக்கச் சொல்லுங்க. பெட்ரோல் ஒழுகுதா, கரண்டு கம்பி அறுந்து கிடக்கா, வண்டி உருண்டுருமான்னு பாத்துட்டு வண்டி சாவிய ஆஃப் பண்ணுங்க. கம்பி கிடந்தா கிட்டக்கவே போகாதீங்க, கரண்டு ஆபீசுக்கு போன் அடிச்சு அவங்க கரண்ட நிப்பாட்டுற வரைக்கும் தூரத்துலயே நில்லுங்க. பீடிய அணைக்கச் சொல்லுங்க, இத நான் சொல்லித்தான் ஆகணும்.

கையுறை போடுங்க. இல்லன்னா கேரி பேக்க கையில மாட்டுங்க, மீன் கடையில அதுக்கு பஞ்சமே இல்ல.

எப்படி அடிபட்டுச்சுங்கிறதையும் அப்பவே ஒரு பார்வை பாத்துக்கங்க. பைக் ஹேண்டில் வளைஞ்சிருந்தா வயித்துல குத்தியிருக்கலாம், கார் கண்ணாடி உள்ளேருந்து நட்சத்திரம் மாதிரி விரிசல் விட்டிருந்தா தலை அடிச்சிருக்கு, பனையிலருந்து விழுந்த ஆளுன்னா முதுகெலும்ப நினைச்சுக்கங்க.

2. எத்தன பேரு? அதுல சத்தமே போடாத ஆள் யாரு?

இதுதான் நான் தப்பு பண்ண எடம். கத்துறவனுக்கு மூச்சு இருக்கு, முழிப்பு இருக்கு, அதனாலதான் கத்துறான். சத்தமே இல்லாம கிடக்கிற ஆளையும் ஓரமா ஒக்காந்து "ஒண்ணும் இல்ல"ங்கிற ஆளையும் முதல்ல பாருங்க. பள்ளத்துல, கருவேல முள்ளுக்குள்ள யாராச்சும் தூக்கி எறியப்பட்டு கிடக்காங்களான்னும் லைட் அடிச்சு பாருங்க. வண்டியில எத்தன பேரு வந்தீங்கன்னு நினைவா இருக்கிற ஆளுக்கிட்ட கேட்டு எண்ணிக்கை சரியா வருதான்னு பாருங்க, ஒரு தடவை ஒரு சின்னப் புள்ளைய அப்படித்தான் கண்டுபிடிச்சோம்.

வேன் கவுந்துருச்சு, பத்து பதினஞ்சு பேருன்னா ஒரு சுலபமான வழி இருக்கு. "நடக்க முடிஞ்சவங்க எல்லாம் இங்கிட்டு வாங்க"ன்னு சத்தமா சொல்லுங்க. எந்திரிச்சு வர்றவங்க கொஞ்ச நேரம் பொறுக்கலாம், மிச்சம் கிடக்கிறவங்கதான் முதல் வேலை. அதுல நிமிஷத்துக்கு 30 தடவைக்கு மேல மூச்சு வாங்குறவங்க, மணிக்கட்டுல நாடி கிடைக்காதவங்க, "கைய தூக்குங்க"ன்னு சொன்னா தூக்கத் தெரியாதவங்க, இந்த மூணுல ஒண்ணு இருந்தாலும் அவங்கதான் முதல் ஆம்புலன்ஸ்ல போகணும். நடந்து வந்தவங்களயும் அப்படியே விட்டுறக்கூடாது, அப்பப்ப திரும்பி பாக்கணும், எங்க பெரியவரும் நடந்து வந்து ஒக்காந்த ஆளுதான்.

3. 108க்கு என்ன சொல்லணும்

கூட்டத்த பாத்து "யாராச்சும் 108க்கு போன் பண்ணுங்க"ன்னா ஒருத்தனும் பண்ண மாட்டான், எல்லாரும் அடுத்தவன் பண்ணிட்டான்னு நினைச்சுக்குவான். கைய நீட்டி ஒரு ஆள காட்டி "நீல சட்டை அண்ணே, நீங்க அடிங்க, ஸ்பீக்கர்ல போடுங்க"ன்னு சொல்லுங்க. 108 முழுக்க இலவசம், டீசல் காசுன்னு கூட எதுவும் குடுக்க வேண்டாம். 112க்கு அடிச்சாலும் உதவி வரும்.

சொல்ல வேண்டியது: எந்த ரோடு, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவுல, ரோட்டோரம் இருக்கிற கிலோமீட்டர் கல்லுல என்ன எழுதியிருக்கு, பக்கத்துல கோயிலோ பள்ளிவாசலோ உப்பளமோ இருக்கா, எத்தன பேருக்கு அடி, எத்தன பேருக்கு நினைவு இல்ல. "ராம்நாடு பக்கம் ஈசிஆர்ல"ன்னு மட்டும் சொன்னீங்கன்னா தொண்டியிலருந்து சாயல்குடி வரைக்கும் எல்லாமே ராம்நாடு பக்கம்தான். அவங்களே வைக்கிற வரைக்கும் போன வைக்காதீங்க. ஆம்புலன்ஸ் டிரைவர் திருப்பி கூப்பிடுவாரு, அதனால அந்த நம்பர்ல ஊருக்கு எல்லாம் போன் போட்டு பேசிக்கிட்டு இருக்காதீங்க.

தனுஷ்கோடி பக்கம் சிக்னல் சரியா இருக்காது, சில நேரம் இலங்கை டவர் வேற ஏறிக்கும். போன் போகலைன்னா ஒரு பைக்க ராமேஸ்வரம் பக்கமா விரட்டி சிக்னல் வர்ற எடத்துல அடிக்கச் சொல்லுங்க, பத்து பேரும் அங்கயே நின்னு போன ஆட்டிக்கிட்டு இருக்கிறதுல பிரயோஜனம் இல்ல.

4. ரத்தம் பீச்சுதா? அதுதான் எல்லாத்துக்கும் முன்னாடி

ஒரு ஆளு உடம்புல மொத்தமே அஞ்சு லிட்டர் ரத்தம்தான். தொடை எலும்பு ஒடிஞ்சா உள்ளுக்குள்ளயே ஒரு லிட்டருக்கு மேல எறங்கிரும். அதனால ரத்தம் பீச்சி அடிக்குது, இல்ல துணிய நனைச்சு வழிஞ்சுக்கிட்டே இருக்குன்னா மத்த சோதனை எல்லாம் அப்புறம். சுத்தமான துண்டோ கைலியோ மடிச்சு காயத்து மேல நேரா வச்சு உள்ளங்கையால அழுத்துங்க, உங்க உடம்பு எடையையும் சேர்த்து அழுத்துங்க. நின்னுச்சான்னு எடுத்து எடுத்து பாக்காதீங்க. நனைஞ்சா அதுக்கு மேல இன்னொரு துணிய வச்சு இன்னும் நல்லா அழுத்துங்க.

கை கால்ல அழுத்தியும் நிக்கலன்னாத்தான் கட்டு. காயத்துக்கு மேல, உடம்பு பக்கமா, நாலு விரல் தள்ளி, மூட்டு மேல இல்லாம, நாலஞ்சு சென்டிமீட்டர் அகலத் துணியா கட்டி ஒரு குச்சிய குடுத்து ரத்தம் நிக்கிற வரைக்கும் முறுக்கணும். கட்டுன நேரத்த அவரு நெத்தியிலயோ கையிலயோ பேனாவால எழுதிருங்க, ஆஸ்பத்திரி போற வரைக்கும் அவுக்காதீங்க. நம்ம பக்கம் நைலான் கயிறு, தூண்டி நரம்புன்னு கைக்கு கிடைச்சத எடுத்து கட்டிர்றாங்க, அது தோல அறுத்துக்கிட்டு உள்ள போகும், வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு, கடக்கரை மணல்ல அடிபட்டா எவ்வளவு ரத்தம் போச்சுன்னு தெரியாது, மணல் குடிச்சிரும். கறுப்பு துணி, புர்கா, நனைஞ்ச கைலி இதுலயும் தெரியாது. கைய அடியில விட்டு எடுத்து உங்க கையுறைய பாருங்க.

குத்தி நிக்கிற கம்பி, கம்பு, நங்கூர முனை எதையும் புடுங்காதீங்க. அத சுத்தி துணிய அணை குடுத்து ஆடாம பாத்துக்கங்க. மார்ல ஓட்டை விழுந்து காத்து புஸ்ஸுன்னு போற சத்தம் கேட்டா அத இறுக்கி அடைக்காதீங்க, திறந்தே இருக்கட்டும். காயத்துல காபித்தூள், மஞ்சத்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், டாக்டர் அத கழுவுறதுக்கே அரை மணி நேரம் ஆகும்.

5. முழிப்பு இருக்கா, மூச்சு இருக்கா

ஆளுக்கு முன்னாடி பக்கமா போங்க, அப்பத்தான் உங்கள பாக்க கழுத்த திருப்ப மாட்டாரு. போன உடனே "அண்ணே தலைய ஆட்டாதீங்க, வாயால மட்டும் பதில் சொல்லுங்க"ன்னு சொல்லுங்க. கீழக்கரை பக்கம்னா காக்கான்னு (அண்ணன்னு அர்த்தம்) கூப்பிடுங்க, பெரிய மனுசின்னா ஆத்தான்னு கூப்பிடுங்க, நம்ம ஆளுங்க குரல் கேட்டா பாதி பயம் போயிரும். கழுத்துல வலியோ மதமதப்போ இருக்குன்னா ஒரு ஆளு தலைமாட்டுல முட்டி போட்டு ரெண்டு கையாலயும் தலைய அசையாம பிடிச்சுக்கணும். அந்த ஆளுக்கு வேற வேலையே குடுக்காதீங்க.

முழிப்ப நாலு படியா பாக்கணும். தானா கண்ண தொறந்து பேசுறாரா, கூப்பிட்டா மட்டும் பதில் வருதா, தோள்பட்டை சதைய கிள்ளுனா மட்டும் அசையிறாரா, எதுக்குமே ஒண்ணும் இல்லையா. கன்னத்துல அறையிறது, மூஞ்சில தண்ணி அடிக்கிறது, சாவிக்கொத்த கையில திணிக்கிறது இதெல்லாம் சோதனை இல்ல. எந்த படியில இருக்காருன்னு நேரத்தோட ஞாபகம் வச்சுக்கங்க, முதல் படியில இருந்தவரு பத்து நிமிஷத்துல மூணாவது படிக்கு எறங்குனா அதுதான் டாக்டருக்கு பெரிய தகவல்.

நினைவு இல்லன்னா மூச்ச பாருங்க. மார்பு ஏறி எறங்குதான்னு கண்ணாலயும், மூக்குக்கிட்ட காத வச்சு சத்தத்தையும், கன்னத்துல காத்து படுதான்னும் பத்து செகண்டு. அப்பப்ப மீன் வாய தொறக்குற மாதிரி ஒரு இழுப்பு மட்டும் இழுத்தா அது மூச்சு இல்ல, அத மூச்சுன்னு நம்பி நேரத்த விட்டவங்க நெறைய பேரு. குறட்டை மாதிரி சத்தம் வந்தா நாக்கு பின்னாடி விழுந்து அடைக்குதுன்னு அர்த்தம், தாடைய ரெண்டு பக்கமும் பிடிச்சு முன்னாடி தூக்குங்க. வாயில ரத்தமோ பல்லோ கண்ணுக்கு தெரிஞ்சா எடுங்க, தெரியாதத விரல விட்டு துழாவாதீங்க.

மூச்சு இல்லன்னா நெஞ்சு அழுத்தம்தான். நெஞ்சு நடுவுல, நிமிஷத்துக்கு 100லருந்து 120 தடவை, அஞ்சு சென்டிமீட்டர் ஆழம், நல்லா மேல வர விட்டு அடுத்தது. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஆள மாத்திக்கங்க, அதுக்கு மேல யாராலயும் ஒழுங்கா அழுத்த முடியாது.

மூச்சு இருக்கு, நினைவு இல்ல, வாந்தி வர்ற மாதிரி இருக்குன்னா தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே கட்டையா ஒரு பக்கமா உருட்டி படுக்க வைங்க. கழுத்து முக்கியந்தான், ஆனா மூச்சு அடைச்சு போயிட்டா கழுத்த வச்சு என்ன பண்ண?

ஹெல்மெட்ட பத்தி எல்லாரும் கேக்குறாங்க. ஆளு பேசுறாரு, மூச்சு நல்லா இருக்குன்னா கண்ணாடிய மட்டும் தூக்கி விட்டு அப்படியே விடுங்க. மூச்சு இல்ல, இல்ல வாந்தி எடுக்குறாருன்னா மட்டும் ரெண்டு பேரா சேர்ந்து கழட்டணும், ஒருத்தர் கீழருந்து தாடையையும் பிடரியையும் தாங்கிக்கணும், இன்னொருத்தர் மெதுவா உருவணும்.

6. வெளிய தெரியாத ரத்தம்

இத தனியா எழுதுறதுக்கு காரணம் அந்த பெரியவர்தான். மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கமா ரெண்டு விரல வச்சு நாடிய பாருங்க. பெரிய ஆளுக்கு நிமிஷத்துக்கு 60லருந்து 100, அத தாண்டி வேகமா மெல்லிசா ஓடுச்சுன்னாலோ கையில கிடைக்கவே இல்லன்னாலோ உள்ள எங்கயோ ரத்தம் போகுதுன்னு சந்தேகப்படணும். மூச்சு 12லருந்து 20 சரி, 10க்கு கீழ போனாலும் 30க்கு மேல போனாலும் ஆபத்து. தோலு வெளிறி, ஜில்லுன்னு, வேர்வையில பிசுபிசுன்னு இருக்கா, அவரு நாக்கு வறண்டு தண்ணி தண்ணின்னு கேக்குறாரா, காரணமே இல்லாம பதட்டமா எந்திரிக்கப் பாக்குறாரா. எங்க பெரியவர் மூணு தடவை தண்ணி கேட்டாரு, நானே சோடா வாங்கி குடுத்தேன். அது கெட்ட அறிகுறிங்கிறதும் தெரியல, ஆபரேஷன் பண்ண வேண்டிய ஆளுக்கு வயித்துல எதுவும் எறங்கக்கூடாதுங்கிறதும் தெரியல.

நகத்த அஞ்சு செகண்டு அழுத்தி விட்டா ரெண்டு செகண்டுக்குள்ள செவப்பு திரும்பணும்னு சொல்லுவாங்க, பகல்ல ரோட்டுல அது சரிதான். கடல்லருந்து நனைஞ்சு வந்த ஆளுக்கு கை எப்பவுமே வெறைச்சுத்தான் கிடக்கும், அவருக்கு அத நம்பாதீங்க, நெஞ்செலும்பு மேல அழுத்திப் பாருங்க.

இப்படி இருக்கிற ஆள படுக்க வைங்க, மேல எதையாச்சும் போத்தி சூடா வைங்க. மாசமா இருக்கிற பொண்ணுன்னா மல்லாக்க வேண்டாம், இடது பக்கமா சாய்ச்சு படுக்க வைங்க.

7. உச்சியிலருந்து பாதம் வரைக்கும் ஒரு தடவை

மேல சொன்னதெல்லாம் ரெண்டு மூணு நிமிஷ வேலை. அதுக்கப்புறம் நேரம் இருந்தா மட்டும் இது. முடிக்குள்ள விரல விட்டு ரத்தமோ பள்ளமோ இருக்கான்னு பாருங்க, அழுத்தாதீங்க. காதுலயோ மூக்குலயோ தண்ணி மாதிரி வழிஞ்சா மண்டையோடு ஒடிஞ்சிருக்கலாம், பஞ்ச வச்சு அடைக்காதீங்க. ரெண்டு கண்ணு பாவையும் ஒரே அளவான்னு செல்போன் லைட்டுல பாருங்க. நெஞ்சு ரெண்டு பக்கமும் ஒண்ணா ஏறுதா, வயித்த நாலு பக்கமும் மெதுவா தொட்டா கல்லு மாதிரி இருக்கா. இடுப்பெலும்ப ரெண்டு பக்கமும் அமுக்கி ஆட்டிப் பாக்கவே பாக்காதீங்க, ஒடிஞ்சிருந்தா அதுலயே ரத்தம் இன்னும் கொட்டும். கால் விரல ஆட்டச் சொல்லுங்க, எந்த விரல தொடுறேன்னு கேளுங்க.

கை கால் ஒடிஞ்சிருந்தா நேராக்காதீங்க, இருக்கிற வாக்குலயே அணை குடுங்க. தென்ன மட்டை கிடைச்சா நல்லது, பனை மட்டைன்னா கருக்க அரிவாளால சீவிட்டு துணி சுத்தி வைங்க, இல்லன்னா ஒடிஞ்ச கையோட சேர்த்து தோலும் கிழியும்.

இங்க ஒரு பெரிய பொறி இருக்கு. ஒளறுறாரு, தள்ளாடுறாரு, வாந்தி எடுக்குறாருன்னா உடனே நம்ம ஆளுங்க "தண்ணி போட்டிருக்கான், விடு தெளிஞ்சுரும்"னு ஓரமா படுக்க வச்சிருவாங்க. தலைக்காயம், சர்க்கரை எறங்குறது ரெண்டும் அச்சு அசல் குடிச்சவன் மாதிரியேதான் இருக்கும். வாடை அடிச்சாலும் தலைக்காயம்னே வச்சுக்கிட்டு பாருங்க, குடிச்சவனுக்கும் மண்டை ஒடையும்ல.

8. கேட்டு எழுதிக்க வேண்டியது

நினைவு இருக்கிறப்பவே கேட்டுருங்க, அப்புறம் கிடைக்காது. பேரு, வீட்டு நம்பர் (செல்போன் லாக்க அவரையே தொறக்கச் சொல்லுங்க), எங்க வலி, என்ன மருந்து ஒத்துக்காது, தினமும் என்ன மாத்திரை, சர்க்கரை இருதய நோய் இருக்கா, கடைசியா எப்ப என்ன சாப்பிட்டாரு, எப்படி அடிபட்டுச்சு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க இருந்தா அத முதல் வரியா சொல்லணும். எல்லாத்தையும் செல்போன்ல ஒரு குறிப்பா அடிச்சு வச்சுக்கங்க, நேரம் போட்டு. மோசமா இருக்கிற ஆள அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்காவும், நல்லா இருக்கிறவங்கள பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்காவும் திரும்ப பாத்து மாறுனத எழுதுங்க.

9. கடல்லயும் கரையிலயும்

தண்ணியில மூழ்கி எடுத்த ஆள தலைகீழா தூக்கி சுத்துறது, வயித்துல அமுக்கி தண்ணிய எடுக்கிறது, நம்ம கரையில இன்னும் நடக்குது. நேரம்தான் போகுது, வாந்தி நுரையீரலுக்குள்ள போகுது. மூச்சு இல்லன்னா மல்லாக்க படுக்க வச்சு வாய் வழியா முதல்ல அஞ்சு ஊதல், அப்புறம் 30 அழுத்தம் 2 ஊதல்னு தொடருங்க. மூழ்குனவங்களுக்கு காத்துதான் கொறைச்சல், அதான் ஊதல் முன்னாடி. பிழைச்சு எந்திரிச்சு ஒக்காந்தாலும் ஆஸ்பத்திரிக்கு போயே ஆகணும்.

திருக்கை முள்ளு கால்ல குத்துனா தாங்குற அளவு சுடுதண்ணியில, 45 டிகிரிக்கு மேல போகாம, அரை மணியிலருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் முக்கி வைங்க, வலி நல்லா எறங்கும். குத்துன ஆளுக்கு மரத்துப்போயிருக்கும், சூட்ட நீங்க கைய விட்டு பாருங்க. நெஞ்சு, வயிறு, கழுத்துல முள்ளு நின்னா புடுங்காம கொண்டு போங்க. சொறி (ஜெல்லி மீன்) பட்டா கடல் தண்ணியிலயே கழுவுங்க, மண்ணு போட்டு தேய்க்காதீங்க. பாம்பன் சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்குற அக்காமார்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

படகுல வலை இழுக்குற வின்ச்சுல, கயித்துல விரல் துண்டாயிருச்சுன்னா துண்டு விரல ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டு கட்டி, அந்தப் பைய ஐஸ் மேல வைங்க. மீன் பெட்டியில ஐஸ் இருக்குன்னு நேரா ஐஸ்குள்ள பொதைச்சா சதை செத்துரும், ஒட்ட முடியாது.

நடுக்கடல்ல அடிபட்டா படகுல இருக்கிற விஎச்எப் ரேடியோவுல 16வது சேனல்ல கூப்பிடுங்க, கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்பு போலீஸ் 1093. ஜிபிஎஸ் எண்ண படிச்சு சொல்லுங்க. கரை தெரிஞ்சு சிக்னல் வந்த உடனே 108ஐ எந்த எறங்குதளத்துக்கு வரணும்னு சொல்லி முன்கூட்டியே நிக்க வைங்க, படகு கட்டுனதுக்கு அப்புறம் போன் போட்டா அங்கயே இருபது நிமிஷம் போயிரும்.

10. தூக்கணுமா, காத்திருக்கணுமா

108 பக்கத்துல இருக்குன்னா காத்திருங்க. ரோட்டு நடுவுல ஆபத்து, தீ, மூச்சு இல்லாததுன்னா மட்டும் அசைங்க. கை ரெண்டு கால் ரெண்டுன்னு நாலு பேரு நாலு பக்கம் தொங்க தூக்குறது, ஷேர் ஆட்டோவுல மடக்கி ஒக்கார வைக்கிறது, ரெண்டுமே முதுகெலும்ப முறிக்கிற வேலை. வேற வழியே இல்லன்னா கதவோ பலகையோ கெட்டியான போர்வையோ அடியில போட்டு, தலைமாட்டுல இருக்கிற ஆளு "ஒண்ணு ரெண்டு மூணு" சொல்ல, எல்லாரும் ஒண்ணா தூக்குங்க.

எங்க போறதுன்னு தூக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க. ராமேஸ்வரத்துலருந்து ராம்நாடு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு 55 கிலோமீட்டர் சொச்சம், லீவு நாள்ல பாம்பன் பாலத்துல போட்டோ எடுக்குறவங்க காரெல்லாம் நிக்கும். அங்கருந்து மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி இன்னும் 110 கிலோமீட்டருக்கு மேல, ரெண்டு மணி நேரம். மூச்சுத் திணறலோ நிக்காத ரத்தமோ இருந்தா பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில நிப்பாட்டி நிலைப்படுத்திட்டு போறதுதான் புத்தி. 108ல வர்ற தம்பிக்கு அது தெரியும், அவருக்கிட்ட மதுரைக்கே விடுன்னு சண்டை போடாதீங்க.

11. ஆஸ்பத்திரியில: காயிதம், காசு, நேரம்

நான் முக்கால் மணி நேரம் தொலைச்ச கதை இதுதான். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில அட்வான்ஸ் கட்டு, நீ யாரு, போலீஸ் வரட்டும்னு நிக்க வச்சாங்க, எனக்கும் சட்டம் தெரியல, கூட நின்னவங்களுக்கும் தெரியல. இப்ப தெரியும்:

மோட்டார் வாகனச் சட்டத்துல 2019ல சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோட உதவுன ஆள் மேல கேசு போட முடியாதுங்குது. உங்க பேரு விலாசம் சொல்லச் சொல்லி கட்டாயப்படுத்த முடியாது, கொண்டு வந்த ஆள காசு கட்டச் சொல்லவோ பிடிச்சு வைக்கவோ முடியாது. சாட்சி சொல்றது உங்க இஷ்டம்.

காசுக்கு: தமிழ்நாடு அரசோட இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டம் 2021 டிசம்பர்லருந்து இருக்கு. நம்ம மாநில எல்லைக்குள்ள ரோட்டுல அடிபட்ட யாருக்கும், வெளிமாநில ஆளா இருந்தாலும், காப்பீடு அட்டை இருந்தாலும் இல்லாட்டியும் முதல் 48 மணி நேரம் இலவசம். ஆனா பட்டியல்ல இருக்கிற அரசு, தனியார் ஆஸ்பத்திரியில மட்டும்தான், அதனால வாசல்லயே "48 திட்டம் இங்க இருக்கா"ன்னு கேளுங்க. மத்திய அரசு திட்டம் ஒண்ணு 2025 மே மாசம் வந்துச்சு, ஏழு நாள் வரைக்கும் ஒன்றரை லட்ச ரூபா, அதுக்கு போலீஸ் உறுதி பண்ணணும். முதலமைச்சர் காப்பீடு அட்டை இருந்தா குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம், ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துட்டு வரச் சொல்லி வீட்டுக்கு போன் அடிச்சிருங்க.

ஏஆர் என்ட்ரின்னு சொல்லுவாங்க, விபத்து பதிவேடு. எத்தன மணிக்கு எங்க எப்படி அடிபட்டுச்சுன்னு டாக்டர் எழுதுறப்ப பக்கத்துல இருந்து சரியா சொல்லுங்க. "கீழ விழுந்துட்டாரு"ன்னு மொட்டையா எழுதிட்டா பின்னாடி இழப்பீடு கேக்குறப்ப வக்கீலுக்கு அதுவே வினையாகும். அந்த ஏஆர் காப்பி, எப்ஐஆர், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சீட்டு, ரசீது, இதெல்லாம் குடும்பத்துக்காரங்க சேர்த்து வைக்கணும். இழப்பீட்டு மனு ஆறு மாசத்துக்குள்ள போடணும்னு சட்டம் இருக்கு, சமாதானமா போயிரலாம்னு பேசிப் பேசியே அந்த ஆறு மாசத்த ஓட்டுனவங்க எங்க ஊர்லயே இருக்காங்க. கடல்ல அடிபட்ட மீனவர்னா மீனவர் அடையாள அட்டையோட மீன்வளத்துறை ஆபீசுல உடனே சொல்லுங்க. குழு விபத்துக் காப்பீட்டுல இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பாதி ஊனத்துக்கு 2.5 லட்சம், ஆஸ்பத்திரி செலவுக்கு 25,000 வரைக்கும் இருக்கு, பிரீமியம் அரசே கட்டுது.

அடிபட்டவரோட பணம், நகை, போன எடுக்கிறப்ப ரெண்டு பேர சாட்சியா வச்சு போட்டோ எடுத்துட்டு போலீஸ்கிட்டயோ 108 தம்பிக்கிட்டயோ குடுங்க. வேற போட்டோ எதுவும் வேண்டாம், அவரு பொண்ணு வாட்ஸ்அப் குரூப்புல அத பாத்துத்தான் விஷயம் தெரிஞ்சுக்கிட்ட கொடுமை எல்லாம் நடந்திருக்கு.

பலமா அடிபட்டவர முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி சேர்த்தவங்களுக்கு மத்திய அரசு குடுக்குற தொகை 5,000ஆ இருந்தது, 2025ல 25,000 ஆக்குனாங்க. அது வேணும்னா மட்டும் போலீஸ்கிட்ட பேர குடுத்து ஒப்புகை வாங்கிக்கங்க.

12. வண்டியில போட்டு வைக்க

எனக்கு மொத்தம் 700 ரூபா சொச்சம் ஆச்சு: கையுறை, காஸ் துணி பத்து பாக்கெட், முக்கோணத் துணி நாலு (பழைய வேட்டிய கிழிச்சா இதுக்கு காசே இல்ல), கிரேப் பேண்டேஜ் மூணு, மழுங்குன முனை கத்திரி, வாய்க்கு வைக்கிற பிளாஸ்டிக் மாஸ்க், ஒரு டார்ச், அழியாத பேனா. விலை கம்மியா ஆன்லைன்ல வர்ற டூர்னிக்கே பட்டைய (ரத்தத்த நிப்பாட்ட முறுக்கி கட்டுறது) நான் ஒருக்கா வாங்குனேன், முறுக்குனப்ப குச்சி ஒடிஞ்சுருச்சு, அதுக்கு அகலத் துணியே மேல். டேஷ்போர்டுல வைக்காதீங்க, நம்ம வெயிலுக்கு கையுறை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சீட்டுக்கு அடியில டப்பாவுல வச்சு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க, உப்புக் காத்துல கத்திரி துரு பிடிச்சிருக்கும்.